வட்டார அமைவு (கணினியியல்)

வட்டார அமைவு அல்லது லொக்கேல் என்பது, ஒரு மென்பொருள் தன் பயனரின் மொழிக்கும் நாட்டு வழக்கத்துக்கும் ஏற்ப நடந்துகொள்ளத் தேவையான விதிகள், சொற்கள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். நாளையும் நேரத்தையும் எழுதும் முறை, மாதங்களின் பெயர், எண்களில் காற்புள்ளி இடும் முறை, நாணயக் குறி, சொற்களை அகர வரிசைப்படுத்தும் முறை, வாரத்தின் முதல் நாள் முதலியன இதில் அடங்கும். மென்பொருளின் செய்திகளை மொழிபெயர்ப்பது தன்மொழியாக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே. மொழிபெயர்ப்பு முழுமையாக இருந்தும் வட்டார அமைவு தவறாக இருந்தால், பயனர் ஒரு தேதியைப் பிழையாகப் புரிந்துகொள்ள நேரிடும்.

வட்டார அமைவு பயனருக்குக் காட்டப்படும் எழுத்துக்கு இன்றியமையாதது. ஆனால் ஒரு நிரல் மற்றொரு நிரலுக்கு எழுதும் தரவில் அது நுழைந்தால் பிழைகள் தோன்றும். மூல நிரலிலிருந்து இயக்கத்தக்க பொதியை ஆக்கும் பணியான கட்டுமானத்தில் (பில்ட்) இச்சிக்கல் அடிக்கடி எழுகிறது. இவ்விரு பயன்பாடுகளையும் பிரித்தறிவதே வட்டார அமைவைக் கையாள்வதன் அடிப்படை ஆகும்.

== பெயரும் அடையாளக் குறியும் ==

ஒரு வட்டார அமைவு பொதுவாக மொழிக்குறி, நாட்டுக்குறி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெயரிடப்படும். மொழிக்குறிகள் ஐஎஸ்ஓ 639 சீர்தரத்திலிருந்தும், நாட்டுக்குறிகள் ஐஎஸ்ஓ 3166 சீர்தரத்திலிருந்தும் எடுக்கப்படுகின்றன. தமிழின் ஈரெழுத்துக் குறி 'டிஏ' ஆகும். எனவே இந்தியத் தமிழுக்கு டிஏ_ஐஎன், இலங்கைத் தமிழுக்கு டிஏ_எல்கே, சிங்கப்பூர்த் தமிழுக்கு டிஏ_எஸ்ஜி, மலேசியத் தமிழுக்கு டிஏ_எம்வை என்பன அடையாளக் குறிகளாக வழங்குகின்றன.

யூனிக்சு வழிவந்த இயங்குதளங்கள் இரு குறிகளுக்கும் இடையில் அடிக்கோட்டை இடுகின்றன. அதன் பின் ஒரு புள்ளியும் குறியேற்றத்தின் பெயரும் வரலாம். இணையச் சீர்தரங்கள் அடிக்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோட்டை இடுகின்றன. விண்டோஸ் இயங்குதளம் தொடக்கத்தில் எண்களைப் பயன்படுத்தியது. அதில் இந்தியத் தமிழின் எண் 1097 ஆகும். ஒரே வட்டாரம் மூன்று விதமாக எழுதப்படுவதால், ஒரு நிரற்கூறு தரும் பெயரை மற்றொன்று அறியாமல் போவது உண்டு.

நேர வலயம் வட்டார அமைவின் பகுதி அன்று என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவும் இலங்கையும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னுள்ளன. சிங்கப்பூரும் மலேசியாவும் 8 மணி நேரம் முன்னுள்ளன. இலங்கை இப்போதைய நேரத்துக்கு 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் திரும்பியது. இத்தகைய மாற்றங்கள் வேறொரு தரவுத்தளத்தில் பேணப்படுகின்றன. டொராண்டோவில் வாழும் ஒருவர் தமிழ் இடைமுகத்தையும் கனடிய நேரத்தையும் ஒருசேரப் பயன்படுத்த இப்பிரிவே வழிசெய்கிறது.

== வரலாறு ==

1989ஆம் ஆண்டின் சி மொழிச் சீர்தரம் வட்டார அமைவைத் தேர்ந்தெடுக்கும் செயற்கூறைத் தன் நிரலகத்தில் சேர்த்தது. அச்சீர்தரத்தின்படி எந்த நிரலும் தொடங்கும்போது 'சி' எனப் பெயரிட்ட நடுநிலை அமைவிலேயே தொடங்கும். நிரல் வெளிப்படையாகக் கேட்ட பின்னரே பயனரின் அமைவு நடைமுறைக்கு வரும். போசிக்ஸ் சீர்தரம் இம்முறையை விரிவாக்கியது. ஜாவா மொழியில் 1997ஆம் ஆண்டு வெளிவந்த 1.1 பதிப்பிலிருந்து இதற்கெனத் தனி வகுப்பு உள்ளது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டாரத் தரவைத் தானே தொகுத்து வந்தது. ஒரே மொழியின் மாதப் பெயர்கூட இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபட்டது. இதனைக் களையத் தொடங்கப்பட்ட பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் (சிஎல்டிஆர்) 2004ஆம் ஆண்டு ஒருங்குறிச் சேர்த்தியத்தின் பொறுப்பில் வந்தது. ஐசியு என்னும் நிரலகம் இக்களஞ்சியத்தின் தரவைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இயங்குதளங்கள், பெரும்பாலான உலாவிகள் ஆகியவற்றில் தோன்றும் தமிழ் மாதப் பெயர்கள் இக்களஞ்சியத்திலிருந்தே வருகின்றன. உலாவிகளின் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான வட்டாரச் சீர்தரம் (எக்மா-402) 2012ஆம் ஆண்டு வெளியானது.

== அமைவின் பிரிவுகள் ==

போசிக்ஸ் முறையில் வட்டார அமைவு பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

* எல்சி_டைம் – நாள், நேரம், மாதப் பெயர், கிழமைப் பெயர்
* எல்சி_நியூமரிக் – பதின்மப் புள்ளி, இலக்கங்களைப் பிரிக்கும் முறை
* எல்சி_மானிட்டரி – நாணயம்
* எல்சி_கொலேட் – அகர வரிசை
* எல்சி_சிடைப் – எழுத்துகளின் வகை, குறியேற்றம்
* எல்சி_மெசேஜஸ் – செய்திகளின் மொழி

இவை சூழல் மாறிகளாக இடப்படும். இவற்றைத் தவிர 'லாங்' என்னும் பொது மாறியும், 'எல்சி_ஆல்' என்னும் மேலாதிக்க மாறியும் உள்ளன. ஒரு நிரல் முதலில் எல்சி_ஆல் மாறியைப் பார்க்கும். அது இல்லையெனில் குறிப்பிட்ட பிரிவுக்கான மாறியைப் பார்க்கும். அதுவும் இல்லையெனில் லாங் மாறியை ஏற்கும். எதுவும் இல்லாவிடில் நடுநிலை அமைவே நிலைக்கும். இதனால் ஒருவர் செய்திகளை மட்டும் தமிழில் பெற்று, எண்களையும் தேதிகளையும் வேறு வழக்கத்தில் வைத்துக்கொள்ள இயலும்.

== தமிழில் நாளும் நேரமும் ==

=== எண்வடிவத் தேதி ===

05/06/2007 என்னும் தேதியை இந்தியாவில் சூன் 5 என்றும், அமெரிக்காவில் மே 6 என்றும் படிப்பர். இரண்டும் செல்லத்தக்க தேதிகள் ஆதலால் கணினி எந்தப் பிழையையும் அறிவிக்காது. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களுக்கு மட்டுமே இக்குழப்பம் நேரும். 13ஆம் நாள் முதல் பிழை வெளிப்பட்டுவிடும். எனவே சோதனையில் சரியாக இயங்கிய நிரல் பின்னர் தவறுவது உண்டு. மருந்தின் காலாவதி நாள், தேர்வு நாள், கட்டணத்தின் இறுதி நாள் போன்றவற்றில் இதன் விளைவு சிறியதன்று. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2007-06-05 என எழுதும் ஐஎஸ்ஓ 8601 சீர்தரம் 1988ஆம் ஆண்டு இக்குழப்பத்தைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டது. இவ்வடிவத்தை எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடும் என்பது கூடுதல் பயன்.

=== மாதப் பெயர்களின் எழுத்து வழக்கு ===

கிரகோரிய மாதங்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. தமிழ்நாட்டு இதழ்கள் ஆகஸ்ட், அக்டோபர் என எழுத, இலங்கை வழக்கில் ஓகஸ்ட், ஒக்டோபர் என எழுதப்படும். கிரந்த எழுத்துகளைத் தவிர்ப்போர் சனவரி, சூன், சூலை, ஆகத்து, திசம்பர் என்பர். சிஎல்டிஆர் களஞ்சியம் பொதுத் தமிழுக்கு ஜனவரி, பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் என்னும் வடிவங்களைக் கொண்டுள்ளது.

இக்களஞ்சியத்தில் வட்டாரங்கள் மரபுரிமை முறையில் அடுக்கப்பட்டுள்ளன. இலங்கைத் தமிழுக்கெனத் தனித்தரவு இடப்படாத இடங்களில் பொதுத் தமிழின் தரவே எடுக்கப்படும். அதுவும் இல்லையெனில் வேர் வட்டாரத்தின் தரவு எடுக்கப்படும். ஆகவே ஒரு நாட்டின் வழக்கு மென்பொருளில் இடம்பெற வேண்டுமெனில், அந்நாட்டுக்குரிய கோப்பில் அது பதியப்பட வேண்டும். பதியப்படாத வழக்கு கணினியில் இல்லாத வழக்கு ஆகிவிடுகிறது.

=== குறும்பெயர்கள் ===

ஆங்கில மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை வெட்டிக் குறும்பெயர் ஆக்குவது நிரலாளர்களிடையே பரவலான வழக்கம். இதனைத் தமிழுக்குச் செய்தால் பிழையான வடிவங்கள் கிடைக்கும். ஒருங்குறியில் ஒரு தமிழ் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரு குறிகளால் ஆனது. புள்ளியும் ஒரு தனிக் குறி. எனவே முதல் மூன்று குறிகளை எடுத்தால் 'பிப்ரவரி' என்பது 'பிப' என்றும், 'மார்ச்' என்பது 'மார' என்றும், 'ஜூன்' என்பது 'ஜூன' என்றும் புள்ளி இழந்து நிற்கும்.

முதல் எழுத்தை மட்டும் எடுத்தால் ஜூன், ஜூலை இரண்டும் 'ஜூ' ஆகிவிடும். ஆகையால் குறும்பெயர்களை வெட்டி ஆக்காமல் தரவிலிருந்தே பெற வேண்டும். சிஎல்டிஆர் முழுப்பெயர், குறும்பெயர், ஓரெழுத்துப் பெயர் என மூன்று பட்டியல்களைத் தருகிறது. ஓரெழுத்துப் பட்டியலில் இவ்விரு மாதங்களும் ஒன்றாகவே இருப்பதால், நாட்காட்டிக் கட்டங்களின் தலைப்பு போன்ற இடங்களுக்கு மட்டுமே அது ஏற்றது.

=== வேற்றுமை உருபுகள் ===

மாதப் பெயருடன் உருபை ஒட்டி எழுதும் நிரல்கள் தமிழில் தவறும். ஜனவரி என்பது ஜனவரியில் என்றும், மார்ச் என்பது மார்ச்சில் என்றும், ஜூன் என்பது ஜூனில் என்றும் திரியும். மாறியின் பின் 'இல்' எனச் சேர்க்கும் வார்ப்புரு 'மார்ச்இல்' என்றே காட்டும். 'மாதத்தில்' என்னும் சொல்லை இடையில் இட்டு 'மார்ச் மாதத்தில்' என அமைப்பது எளிய தீர்வு ஆகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வழியையே பெரிதும் கையாளுகின்றனர்.

பிற மொழிகளிலும் இச்சிக்கல் உண்டு. உருசிய மொழியில் சனவரி மாதம் தனித்து நிற்கையில் 'யன்வார்' என்றும், நாளெண்ணுடன் வருகையில் 'யன்வாரியா' என்றும் வழங்கும். இவ்விரு வடிவங்களையும் வேறுபடுத்தும் வசதி குனு சி நிரலகத்தில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த 2.27 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

=== பொழுதுகள் ===

ஆங்கில வழக்கு நாளை நண்பகலுக்கு முன், பின் என இரண்டாகப் பகுக்கிறது. இவற்றைக் காலை, மாலை என மொழிபெயர்த்தால், நள்ளிரவு கடந்து அரை மணி ஆகும்போது 'காலை 12:30' என்றும், உணவு வேளையில் 'மாலை 1:00' என்றும் கணினி காட்டும். முற்பகல், பிற்பகல் என்னும் சொற்கள் பொருளில் நெருக்கமானவை. ஆயினும் இரவு 10 மணியைப் பிற்பகல் 10 எனத் தமிழர் சொல்வதில்லை. இதற்கெனச் சிஎல்டிஆர் அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, இரவு போன்ற பொழுதுப் பெயர்களைத் தமிழுக்குத் தனியே கொண்டுள்ளது. நிரற்கூறு இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். இயல்பிருப்பாக இவை வருவதில்லை. இருபத்து நான்கு மணி முறையைப் பின்பற்றினால் இச்சிக்கல் எழாது.

=== நாட்காட்டியும் வாரமும் ===

சிஎல்டிஆர் தரவின்படி இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் வாரம் ஞாயிற்றுக்கிழமையும், இலங்கையிலும் மலேசியாவிலும் திங்கட்கிழமையும் தொடங்குகிறது. இந்திய தேசிய நாட்காட்டி, சீன நாட்காட்டி, எபிரேய நாட்காட்டி, இசுலாமிய நாட்காட்டி முதலியன அதில் உள்ளன. சித்திரை முதல் பங்குனி வரையான தமிழ் மாதங்களும் அறுபது ஆண்டுச் சுழற்சியும் கொண்ட தமிழ் நாட்காட்டி அதில் ஒரு நாட்காட்டி வகையாக இல்லை. அதனைக் காட்ட விரும்பும் மென்பொருள் தானே கணித்தல் வேண்டும். திருவள்ளுவர் ஆண்டை, கிரகோரிய ஆண்டுடன் 31ஐக் கூட்டிப் பெறுவர்.

தமிழ் எழுத்தில் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் ௳, ௴, ௵ என்னும் குறிகள் 2003ஆம் ஆண்டு ஒருங்குறி 4.0 பதிப்பிலும், தமிழ்ச் சுழியம் ௦ 2005ஆம் ஆண்டு 4.1 பதிப்பிலும் சேர்க்கப்பட்டன.

== எண்களும் அகர வரிசையும் ==

இந்திய வழக்கில் பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு 12,34,567 என எழுதப்படும். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் அமைவுகள் இதனை 1,234,567 எனக் காட்டும். செருமனியில் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளியும், பதின்மப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும் இடப்படும். எனவே 1.234 என்பது ஓரிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணாகவும், மற்றோரிடத்தில் இரண்டுக்குக் குறைந்த எண்ணாகவும் படிக்கப்படும்.

அகர வரிசையிலும் தரவு தேவை. ஒருங்குறியில் தமிழ் மெய்களின் அடுக்கு நெடுங்கணக்கின் அடுக்கிலிருந்து வேறுபட்டது. ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண்ணைக் கொண்டு மட்டும் அடுக்கினால் மனம், மரம், மறை, மலர், மழை என வரும். அகராதியில் தேடும் தமிழர் மரம், மலர், மழை, மறை, மனம் என்னும் வரிசையையே எதிர்பார்ப்பர். தமிழ் அமைவு இரண்டாம் வரிசையைத் தரும்.

== மனிதருக்கான வடிவமும் கணினிக்கான வடிவமும் ==

மேலே கூறியவை யாவும் மனிதர் படிக்கும் எழுத்துக்கு உரியவை. ஒரு நிரல் எழுதி மற்றொரு நிரல் படிக்கும் தரவுக்கு இவை பொருந்தா. மீயுரை பரிமாற்ற நெறிமுறையின் தலைப்புகளிலும், மின்னஞ்சல் தலைப்புகளிலும் கிழமையும் மாதமும் ஆங்கிலக் குறும்பெயர்களாகவே இருக்க வேண்டும் எனச் சீர்தரங்கள் விதிக்கின்றன. அப்பெயர்கள் அங்கு ஆங்கிலச் சொற்களாக அன்றி, குறியீடுகளாகவே நிற்கின்றன.

தமிழ் அமைவில் இயங்கும் ஒரு வழங்கி, பயனருக்குத் தேதி காட்டும் அதே செயற்கூறைக் கொண்டு இத்தலைப்புகளை எழுதினால் அங்கே தமிழ்ப் பெயர் சென்று அமரும். பெறும் மென்பொருள் அதனைப் புரிந்துகொள்ளாது. நினைவி காலாவதி ஆகும் நாள் பிழைபடும். இது தமிழின் குறை அன்று. இரு வேறு பணிகளுக்கு ஒரே கருவியைப் பயன்படுத்தியதன் விளைவு ஆகும்.

இதன் பொருட்டே ஒவ்வொரு நிரலாக்கச் சூழலும் ஒரு நடுநிலை அமைவை வைத்துள்ளது. சி மொழியில் அது 'சி' அமைவு, ஜாவாவில் 'ரூட்', டாட் நெட்டில் 'இன்வேரியன்ட்' என்னும் மாறாப் பண்பாடு. பிஎச்பி மொழியில் 2020ஆம் ஆண்டின் 8.0 பதிப்பிலிருந்து பின்ன எண்களை எழுத்தாக மாற்றுவது வட்டாரத்தைச் சாராமல் நிகழ்கிறது. அதற்கு முன்னர் செருமானிய அமைவில் காற்புள்ளியுடன் எழுதப்பட்ட எண் தரவுத்தள வினவல்களில் பிழை விளைவித்தது.

== கட்டுமானத்தில் வட்டார அமைவு ==

=== மாற்றப் பதிவேட்டின் தேதி ===

லினக்ஸ் பொதிகளில் ஒவ்வொரு வெளியீட்டின் மாற்றங்களும் தேதியுடன் பதியப்படுகின்றன. ஆர்பிஎம் பொதிகளின் விவரக் கோப்பிலும், டெபியன் பொதிகளின் பதிவேட்டிலும் கிழமையும் மாதமும் ஆங்கிலக் குறும்பெயர்களாக இருத்தல் வேண்டும். தமிழ் அமைவில் பணிபுரியும் ஒருவர் முனையத்தில் தேதிக் கட்டளையை இட்டு அதன் வெளியீட்டை ஆர்பிஎம் கோப்பில் ஒட்டினால் கட்டுமானம் தேதிப் பிழையுடன் நின்றுவிடும். அக்கட்டளைக்கு மட்டும் எல்சி_ஆல் மாறியைச் சி என இடுவதே தீர்வு. பணித்தளம் முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியதில்லை.

=== வெளியீட்டைப் படிக்கும் படிவங்கள் ===

கட்டுமானப் படிவங்கள் பல, பிற கட்டளைகளின் வெளியீட்டில் குறிப்பிட்ட ஆங்கிலச் சொற்றொடரைத் தேடுகின்றன. நிரல்மொழிமாற்றியின் செய்தி மொழிபெயர்க்கப்பட்டிருந்தால் தேடல் தோற்கும். ஆட்டோகான்ஃப் கருவி ஆக்கும் படிவங்கள் தம் தொடக்கத்திலேயே சி அமைவுக்கு மாறிக்கொள்வதன் காரணம் இதுவே.

=== கோப்புகளின் வரிசை ===

சி அமைவில் ஆங்கிலப் பேரெழுத்துகள் யாவும் சிற்றெழுத்துகளுக்கு முன் வரும். பிற அமைவுகளில் இரண்டும் கலந்து வரும். கோப்புகளை வரிசைப்படுத்தி இணைக்கும் கட்டுமானம், இருவரின் கணினிகளில் இரு வேறு வரிசையில் இணைத்து இரு வேறு பொதிகளைத் தரும்.

=== துருக்கிய ஐ ===

1928ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட துருக்கிய இலத்தீன் நெடுங்கணக்கில் புள்ளியுள்ள ஐ, புள்ளியில்லா ஐ என இரு எழுத்துகள் உள்ளன. புள்ளியுள்ள சிற்றெழுத்தின் பேரெழுத்தும் புள்ளியுடனேயே இருக்கும். எனவே துருக்கிய அமைவில் 'ஃபைல்' என்னும் ஆங்கிலக் கட்டளைச் சொல்லைப் பேரெழுத்தாக்கினால், அதன் இரண்டாம் எழுத்து ஆங்கிலப் பேரெழுத்துடன் பொருந்தாது. நிரல் அச்சொல்லை அறியாது. பிஎச்பி மொழியில் துருக்கிய அமைவில் வகுப்புகளின் பெயர்கள் இவ்வாறு காணாமற்போகும் வழு 2002ஆம் ஆண்டு பதியப்பட்டு, 2013ஆம் ஆண்டு வெளிவந்த 5.5 பதிப்பிலேயே தீர்ந்தது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு இல்லாவிடினும், தமிழ் நிரலாளர் எழுதும் மென்பொருள் துருக்கியிலும் இயங்கக்கூடும்.

=== குறியேற்றம் ===

மரபான சி அமைவு அஸ்கி எழுத்துகளை மட்டுமே உறுதிசெய்கிறது. தமிழ்ச் சரங்களைக் கொண்ட ஜாவா மூலக் கோப்பை, குறியேற்றம் குறிப்பிடாமல் அவ்வமைவில் தொகுத்தால் எழுத்துகளை அறிய இயலவில்லை என்னும் செய்தி தோன்றும். தமிழ் எழுத்துகள் சிதையும். ஜாவாவில் 2022ஆம் ஆண்டின் 18ஆம் பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 இயல்பிருப்பாக உள்ளது. பைத்தானில் 2018ஆம் ஆண்டின் 3.7 பதிப்பு சி அமைவைக் கண்டால் யுடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற முயலும். நடுநிலை விதிகளையும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தையும் சேர்த்துத் தரும் 'சி.யுடிஎஃப்-8' அமைவு, குனு சி நிரலகத்தில் 2022ஆம் ஆண்டின் 2.35 பதிப்பில் சேர்ந்தது. தமிழ்க் கோப்புகளைக் கையாளும் கட்டுமானத்துக்கு இது ஏற்றது.

=== மீளாக்கத்தக்க கட்டுமானம் ===

ஒரே மூல நிரலிலிருந்து யார், எங்கு, எப்போது கட்டினாலும் ஒவ்வொரு பைட்டும் ஒத்த பொதி கிடைக்க வேண்டும் என்பது மீளாக்கத்தக்க கட்டுமானம் எனப்படும். தரப்படும் பொதியில் எவரும் தீய நிரலைச் செருகவில்லை எனச் சரிபார்க்க இது உதவும். டெபியன் திட்டம் 2013ஆம் ஆண்டு முதல் இதில் ஈடுபட்டு வருகிறது. பொதியில் பதியும் கட்டுமான நாள், நேர வலயம், வட்டார அமைவு ஆகியன இதற்குப் பெருந்தடைகள். எனவே வட்டாரத்தை நடுநிலையாகவும், வலயத்தை அனைத்துலக நேரமாகவும் நிலைநிறுத்தி, நாளை 'சோர்ஸ்_டேட்_இபாக்' என்னும் மாறியில் 1970 சனவரி 1 முதலான நொடிகளின் எண்ணிக்கையாகத் தருகின்றனர். ஜிசிசி நிரல்மொழிமாற்றி 2017ஆம் ஆண்டின் 7ஆம் பதிப்பிலிருந்து இம்மாறியை மதிக்கிறது.

== தரவு இல்லாத நிலையும் மாறும் நிலையும் ==

நிரலில் பிழை ஏதும் இல்லாதபோதும், கட்டும் வேளையில் வட்டாரத் தரவு விடப்பட்டிருந்தால் தமிழ் தோன்றாது. நோட் இயக்கச்சூழல் 2019ஆம் ஆண்டின் 13ஆம் பதிப்புக்கு முன்னர் இயல்பிருப்பாக ஆங்கிலத் தரவை மட்டும் கொண்டு கட்டப்பட்டது. தமிழ்த் தேதியைக் கேட்ட நிரல் பிழைச்செய்தி ஏதுமின்றி ஆங்கிலத் தேதியைப் பெற்றது. சிறிதாக்கப்பட்ட கொள்கலன் படிமங்களிலும் பெரும்பாலும் நடுநிலை அமைவு மட்டுமே இருக்கும். டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் தமிழ் அமைவைத் தனியே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தரவு இருப்பினும் அது நிலையானது அன்று. ஜாவா 2017ஆம் ஆண்டின் 9ஆம் பதிப்பில் தன் பழைய தரவை விட்டுச் சிஎல்டிஆர் தரவை இயல்பிருப்பாக ஏற்றது. 2021ஆம் ஆண்டின் 16ஆம் பதிப்பில் பிரித்தானிய ஆங்கிலத்தின் செப்டம்பர் குறும்பெயர் மூன்றெழுத்திலிருந்து நான்கெழுத்து ஆயிற்று. 2022ஆம் ஆண்டின் சிஎல்டிஆர் 42 பதிப்பு ஆங்கில நேரத்தில் மணிக்கும் பொழுதுக்குறிக்கும் இடையிலுள்ள சாதாரண இடைவெளியைக் குறுகிய பிரியா இடைவெளியாக மாற்றியது. கண்ணுக்குப் புலப்படாத இம்மாற்றத்தால், காட்டிய நேரத்தை மீண்டும் படித்த பல நிரல்கள் தவறின. குரோம் உலாவியின் வி8 பொறி பழைய இடைவெளியையே திரும்ப இட்டது. மொழி வழக்கு மாறுவது இயல்பு. காட்சிக்கான எழுத்தைத் தரவாகச் சேமித்ததே இங்கு பிழை.

== கடைப்பிடிக்கத்தக்க முறைகள் ==

* நாளையும் நேரத்தையும் ஐஎஸ்ஓ 8601 வடிவிலோ நொடிக் கணக்கிலோ சேமித்து, காட்டும் தருணத்தில் மட்டும் வட்டார அமைவைப் பயன்படுத்துதல்.
* நிரற்கூறு தானே அமைவை மாற்றாதிருத்தல். சி மொழியின் அமைவுத் தேர்வு நிரல் முழுவதையும் பாதிக்கும். ஒரு கூறு செய்யும் மாற்றம் பிற கூறுகளின் எண்களையும் குலைக்கும். எந்த அமைவு வேண்டும் என்பதை அழைப்பவர் தருமாறு செயற்கூறை வடிவமைத்தல் நன்று.
* மொழியிலிருந்து நாட்டை ஊகிக்காதிருத்தல். தமிழைத் தேர்ந்தவர் இந்தியாவில்தான் உள்ளார் எனக் கொள்வது தவறு.
* மாதப் பெயர்களையும் குறும்பெயர்களையும் நிரலில் எழுதாமல் தரவிலிருந்து பெறுதல்.
* கட்டுமானப் படிவங்களில் அமைவையும் நேர வலயத்தையும் வெளிப்படையாக இடுதல்.
* ஆங்கிலத்துடன் துருக்கியம், செருமானியம், தமிழ் ஆகிய அமைவுகளிலும் சோதனைகளை ஓட்டுதல். எழுத்து, எண், புள்ளி ஆகிய மூவகைப் பிழைகளையும் இவை வெளிக்கொணரும்.

தமிழ் இடைமுகத்தில் ஒரு மென்பொருள் தவறும்போது, ஆங்கிலத்துக்கு மாறுமாறு பயனருக்கு அறிவுரை கூறப்படுவது உண்டு. அதனால் வழு தீர்வதில்லை, மறைந்துவிடுகிறது. மொழிபெயர்த்தோர் உழைப்பும் பயனின்றிப் போகிறது. தமிழ் அமைவிலேயே நிரலை இயக்கி, காணும் வழுவைப் பதிவதும், சிஎல்டிஆர் களஞ்சியத்தில் விடுபட்ட வழக்குகளை அதன் கருத்தளிப்புக் காலங்களில் முன்மொழிவதும் இதற்கான நேரிய வழிகள் ஆகும்.

== இவற்றையும் பார்க்க ==

* ஒருங்குறி
* தன்மொழியாக்கம்
* தமிழ் நாட்காட்டி
* ஐஎஸ்ஓ 8601
* கட்டற்ற மென்பொருள்